பஞ்சாங்கக் கணிதர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பஞ்சாங்கக் கணிதர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஜாதகம் பலிக்குமா, பலிக்காதா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. ராசி என்று நீங்கள் அச்சிடுவதை வானத்தில் எங்கிருந்து அளக்கிறீர்கள் என்பதை வாங்குபவருக்கும் சொல்லுங்கள் என்றே கேட்கிறேன்.

2023-இல் சனி பகவான் கும்ப ராசிக்கு இரண்டு முறை பெயர்ந்தார். திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா நடந்தது டிசம்பரில்தான். இடையில் பதினொரு மாதம்! வாக்கியம் பழைய சூத்திரங்களை அப்படியே பின்பற்றுவது, திருக்கணிதம் இன்றைய வான்நோக்குக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது என்பது உங்களுக்குத் தெரியும். பரிகாரத்துக்குப் பணம் கட்டிய பக்தருக்கு யார் சொன்னார்கள்?

ராசி வேறு, விண்மீன் கூட்டம் வேறு. சூரியன் செல்லும் பாதையைப் பன்னிரண்டு சம பங்காக, பங்குக்கு 30 பாகை என்று வகுத்தவர்கள் பாபிலோனியர்கள், காலம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு. ஆட்டை, அதாவது மேஷத்தை, தலையாகக் கொண்ட அந்த வட்டம் நம் சங்கப் பாடலான நெடுநல்வாடையிலும் இருக்கிறது. ஆனால் விண்மீன் கூட்டங்கள் சம அளவில் இல்லை. 1930-இல் வானியலாளர்கள் வரையறுத்த எல்லைகளின்படி சூரியன் கன்னியில் ஏறக்குறைய ஒன்றரை மாதம் இருக்கிறது, விருச்சிகத்தில் ஒரே வாரம். அதன்பின், எந்த ஜாதகக் கட்டத்திலும் இடம் பெறாத ஒபியூகஸ் கூட்டத்தில் பதினெட்டு நாட்கள்!

என் மனக்குறை உத்தராயணத்தைப் பற்றியது. தை 1 அன்று தொடங்குவதாகப் பெரும்பாலான பஞ்சாங்கங்கள் போடுகின்றன. சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21 அல்லது 22, அதாவது மார்கழி முதல் வாரம். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நாளில்தான் நிகழ்ந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகி, இப்போது ஏறக்குறைய 24 பாகை ஆகிவிட்டது. நீங்கள் அயனாம்சம் என்பது இதைத்தான். வானியற்பியலாளர் மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-லேயே இதை விரிவாக எழுதிவைத்தது.

பொங்கலை மாற்றச் சொல்லவில்லை. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் நிராயன முறையில் சூரியன் மகரத்துக்குள் நுழையும் நாள் அது, இருக்கட்டும். முதல் பக்கத்தில், விளம்பரங்களுக்கு நடுவே, வாக்கியமா திருக்கணிதமா, அயனாம்சம் எத்தனை பாகை என்று இரண்டு வரி போடுங்கள். மார்கழி ஆறு அல்லது ஏழாம் தேதிக் கட்டத்தில், ராகு காலத்துக்குக் கீழே, ‘இன்று சூரியன் வடக்கே திரும்புகிறது’ என்று அச்சிடுங்கள். அடுத்த ஆண்டுப் பதிப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வாங்கும் ஒரு வாசகர்