அப்பாவின் பத்மினிக்கு வாக்ஸ் போட்டேன்

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. தப்புதான், திட்டிக்கொள். அம்மா நலம், முட்டிவலி மட்டும் விடவில்லை. மேஸ்திரி தண்டையார்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய்விட்டார். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

இப்போது விஷயம். அப்பாவின் பத்மினி காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன்! 1983-இல் மாருதி வந்து தெருவே மாறியபோதும் அவர் விடாத வண்டி. இன்ஜின் வேலை முடிந்ததும் பாலிஷுக்காக ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டேன். அங்கேதான் வயிறு எரிந்தது. உச்சி வெயிலில் நிறுத்தி, வண்டி முழுக்க வாக்ஸை அப்பிவிட்டுப் பையன் சாப்பிடப் போய்விட்டான். கருநீல பானெட், கை வைக்க முடியாத சூடு. வாக்ஸில் இருக்கும் கரைப்பான் அந்தச் சூட்டில் சட்டென்று பறந்துவிட, மெழுகு சுண்ணாம்பு மாதிரி இறுகிவிட்டது. அதை அழுத்தித் தேய்த்ததில் பெயின்ட்டெல்லாம் வட்ட வட்டமாகக் கோடு. நடுரோட்டில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் நானே இறங்கினேன். ஞாயிறு காலை ஐந்தரைக்கு, வேப்ப மர நிழலில். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். நம் பக்கம் உப்புக்காற்றும் கன்டெய்னர் லாரிப் புழுதியும் உனக்குத் தெரியாததா? அதைக் கழுவாமல் துணி போட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான். நன்றாக ஈரம் போகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பகுதியாக, மட்கார்டு ஒன்றுக்கு விரல்நுனி அளவு வாக்ஸ், அவ்வளவே. தடியாகப் பூசினால் பளபளப்பு அதிகமாகாது, காயத்தான் நேரமாகும்.

டப்பாவில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தது. காசிமேட்டுக் காற்றுக்கு அந்தக் கணக்கு சரிப்படவில்லை. கால் மணி கழித்து விரலால் ஒரு கோடு இழுத்தேன், இழுவியது. இருபது நிமிடத்திலும் அதே கதை. அரைமணியில்தான் பனி படர்ந்த மாதிரி வெளுத்து, விரல் பட்ட இடம் மட்டும் சுத்தமாக மின்னியது. அதுதான் பதம். மைக்ரோஃபைபர் துணியால் லேசாகத் துடைத்ததும் மாவு மாதிரி உதிர்ந்துவிட்டது. பிரேசில் பக்கத்துப் பனை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகாம் இது, கார்னாபா என்கிறார்கள். வேப்ப மரம் முழுசாக வண்டியில் தெரிகிறது, சேகர்!

அந்த அரைமணி திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா போனதிலிருந்து நான் அப்படி உட்காரவே இல்லை. காரியம், பத்திரம், பாங்க் என்று ஓடியே ஒரு வருடம் போய்விட்டது. அன்றுதான் அவர் இல்லை என்பது முழுசாக உறைத்தது.

மத்தியானம் அம்மாவை ஏற்றிக்கொண்டு ராயபுரம் ஸ்டேஷன் வரை போய்வந்தோம். அந்த 1856-ஆம் வருடத்துத் தூண்களின் பிம்பம் கார்க் கதவில் நீளமாக விழுந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை, கதவைத் தடவிக்கொண்டே நின்றாள்.

இன்னொன்று. இடது பின்கதவில் உன் சைக்கிள் ஹேண்டில்பார் போட்ட கீறல் நினைவிருக்கிறதா, திருடா? காய்ந்த வாக்ஸ் அதற்குள் போய், வெள்ளையாக எடுப்பாகத் தெரிகிறது. பெயின்டர் மூடிவிடலாம் என்கிறார். யார் செய்தது என்று அப்பாவுக்குக் கடைசி வரை நான் சொல்லவில்லை. மூடட்டுமா, வேண்டாமா? நீ சொல்லும்வரை தொட மாட்டேன். உடனே பதில் போடு.

உன்,
ரவி