நீ கேட்ட விதிமுறை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இப்போது நன்றாக இருக்கிறார், சொட்டு மருந்து போட ஐந்து நிமிடம் தாமதமானால் வீட்டையே இரண்டாக்குகிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நம் லினக்ஸ் குழுவுக்கு வரும் கட்டுரைகளில் ஏஐ எழுதியதைச் சேர்க்கலாமா, கூடாதா? போன மாதம் பேக்கப் எடுப்பது பற்றி ஒன்று வந்தது, நடை அவ்வளவு சுத்தம், ஒரு சந்திப்பிழைகூடக் கிடையாது. அதில் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளைக்கு ‘--வெரிஃபை-ஆல்’ என்று ஒரு ஆப்ஷன் போட்டிருந்தது. அடித்துப் பார்த்தேன், அப்படி எதுவும் தெரியாது என்று டெர்மினல் கைவிரித்தது. அந்தக் கட்டளையின் கையேடான மேன் பக்கத்தைப் புரட்டினால் இருப்பது ‘--செக்சம்’. அனுப்பிய தம்பியைக் கேட்டேன். “ஓட்டிப் பார்க்கல அண்ணா, ஆனா சரியாத்தான் இருக்கும்” என்றான். அவனுக்குப் பத்து நிமிட வேலை, மற்றக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்ததில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போச்சு.

இதே தொல்லைதான் எல்லா இடத்திலும். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வந்தது, ஒரு வாரம்கூட ஆகவில்லை, நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அதன் பதில்களுக்குத் தடை போட்டார்கள். பார்க்கச் சரியாக இருக்கும், பல தடவை தப்பாக இருக்கும், உருவாக்குவதோ ரொம்பச் சுலபம் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். இணையத்தில் தரவை அனுப்ப, எடுக்க உதவும் கர்ல் மென்பொருளின் கதை இன்னும் மோசம். இல்லாத பாதுகாப்பு ஓட்டைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக ஏஐ எழுதிய அறிக்கைகள் வந்து குவிந்ததில், 2019-இலிருந்து நடத்திவந்த, ஓட்டை கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தரும் திட்டத்தையே கர்லை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் 2026 ஜனவரியோடு இழுத்து மூடிவிட்டார்.

அப்போ ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை வைத்து வடிகட்டலாமே என்கிறாய். வேண்டாம்டா. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயே 2023-இல் அப்படி ஒன்றை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தப்பாகக் குற்றம் சாட்டியது, ஆறு மாதத்தில் அவர்களே எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ என்று முத்திரை விழுந்தது. நம் ஆட்கள் மாதிரி எழுதுகிறவர்களுக்குத்தான் முதல் அடி.

மென்பொருளை மட்டும் ஏன் சொல்ல வேண்டும், நானும் அதே தப்பைச் செய்தேன். ஒரு கல்லூரிப் பெண், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவி பற்றி எழுதி அனுப்பியிருந்தாள், வரிசை அத்தனை நேர்த்தி. “இது நீயே எழுதினதாம்மா?” என்று கேட்டுவிட்டேன். பதில் எதுவும் எழுதாமல் ரூல்டு நோட்டில் பேனாவால் எழுதிய ஏழு பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பினாள், மூன்றாம் பக்கத்தில் அதன் ரீபேஸ் கட்டளையை விளக்கும் படத்தை அடித்து அடித்து நான்கு தடவை வரைந்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் அனுப்பவில்லை.

அதனால் யார் எழுதியது என்று துப்பறியும் விதி எனக்கு வேண்டாம். ஜென்டூ என்ற லினக்ஸ் வகை 2024-இல் ஏஐ பங்களிப்புகளுக்கு முழுத் தடை போட்டது, பதிப்புரிமையையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள், அது அவர்கள் நியாயம். இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோரா 2025-இல் எடுத்த வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது: பயன்படுத்திக்கொள், பெரிய அளவில் என்றால் வெளியே சொல், பொறுப்பு உன்னுடையது. நமக்கு அதோடு இன்னொன்று சேர்ப்பேன். கட்டுரையில் வரும் ஒவ்வொரு கட்டளையையும் எழுதியவர் தன் கணினியில் ஓட்டி, வந்த வெளியீட்டை ஒட்டி அனுப்பணும், எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை), எந்தப் பதிப்பு என்றும் சொல்லணும். கேள்வி கேட்டால் அவரே பதில் சொல்லணும். முடியாது என்றால் கட்டுரை திரும்பிப் போகும், காரணத்தை நாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒன்றுதான் இடிக்கிறது. ஆங்கில ஆவணத்தை ஏஐ தமிழாக்கி, அதைத் திருத்தி அனுப்புகிறவர்களை என்ன செய்வது? கட்டளையெல்லாம் சரியாக ஓடும், வாக்கியத்தைப் படித்தால்தான் பல் கூசும். அதை நான் நிராகரித்தால் என் ரசனையை விதியாக்குகிறேன் என்று நீயே சண்டைக்கு வருவாய். யோசித்து எழுது. பையன் பிளஸ் டூ ரிசல்ட் என்ன ஆச்சு, அதைச் சொல்லவே இல்லையே?

அன்புடன்,
குமரன்