ஸ்பென்சர் பிளாசாவில் என்னதான் செய்தோம்: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

இங்கே அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

டிசம்பரில் குடும்பத்தோடு சென்னை வருகிறாய் என்பதில் மகிழ்ச்சி. மகளுக்கு நாம் சுற்றித் திரிந்த ஸ்பென்சர் பிளாசா மாலைக் காட்டப் போகிறாய் என்பதில் பாதி மகிழ்ச்சி, பாதி பயம். “அங்கே நாள் முழுக்க என்னதாம்ப்பா பண்ணுவீங்க?” என்று அவள் கேட்டதற்கு உன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். பஸ்ஸுக்கும் ஒரு டீக்கும் மட்டும் காசு வைத்திருந்த பிள்ளைகளை அந்தக் கட்டடம் ஏன் விரட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும். கட்டடப் பராமரிப்பிலேயே காலத்தை ஓட்டியவன் என்பதால் இதில் எனக்கு ஒரு கட்சி உண்டு. எந்தக் காரணத்தால் நம்மை அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லையோ, அதே காரணத்தால்தான் அந்த இடம் இன்றைக்கு இப்படி மங்கிக் கிடக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அவளுக்குச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடு. சார்லஸ் டுரண்டும் ஜே. டபிள்யூ. ஸ்பென்சரும் 1860களில் தொடங்கிய கடை அது. பிறகு யூஜீன் ஓக்‌ஷாட் கைக்கு வந்து, 1890களில் மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) டபிள்யூ. என். போக்சன் வரைந்து கொடுத்த இந்தோ-சாரசனிக் கட்டடத்துக்குக் குடிபோனது. திண்டுக்கல் சுருட்டு, சோடா, ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலை என்று அந்தக் கம்பெனி கைவைக்காத வியாபாரம் குறைவு. 1983-ல் தீ விபத்தில் அந்தக் கட்டடம் போயிற்று. அதே மனையில் தொண்ணூறுகளில் எழுந்ததுதான் நமக்குத் தெரிந்த ஸ்பென்சர். ஃபேஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று தவணை முறையில் வளர்ந்ததால்தான் உள்ளே போனவனுக்குத் திசை குழம்பும். எந்த வாசல் வழியாக வந்தோம் என்று மறந்துவிட்டால் பாதி நேரம் அதைத் தேடுவதிலேயே போகும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு.

முதல் ஈர்ப்பு ஏ.சி.தான், கௌரவம் பார்க்காமல் ஒத்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் அண்ணா சாலைப் பக்கக் கதவருகே நின்றாலே காலில் குளிர் வந்து மோதும். அதற்குக் காரணம் எளிது. குளிர்ந்த காற்று கனமானது. நடுவில் கூரை வரைக்கும் திறந்த முற்றம் வைத்துக் கட்டினால், மேல்மாடியிலிருந்து குளிர் கீழே இறங்கித் தரைத்தளக் கதவு வழியாக வெளியே கொட்டும். சூடு மேலே ஏறிக் கூரைக்கடியில் தங்கும். அதனால்தான் எந்தப் பழைய மாலிலும் மேல்தளம் புழுங்கும், வாசல் ஜில்லென்று இருக்கும். பராமரிப்புக்காரனுக்கு அது நஷ்டம். ஓசியில் நிற்கிறவனுக்கு லாபம்.

அடுத்தது எஸ்கலேட்டர். உன் மகள் சிரிப்பாள். ஆனால் ஊரிலிருந்து வந்த அத்தை, மாமாக்களை ஸ்பென்சருக்குக் கூட்டிப்போனதே அதில் ஏற்றி இறக்கத்தான். ஏறும் இடத்தில் ஒரு கூட்டம் தயங்கி நிற்கும், நினைவிருக்கிறதா? தயங்குகிறவர்கள் எல்லாரும் படியையே பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது கைப்பிடியை. கைப்பிடியைப் பிடித்ததும் உடம்பு தானாக அந்த வேகத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு மஞ்சள் கோட்டுக்குள்ளே, படியின் நடுவில் கால் வைத்தால் போதும். புடவை என்றால் முந்தானை கையில் இருக்க வேண்டும், கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

கணக்கையும் சொல்கிறேன், பிள்ளைக்குப் பிடிக்கும். வழக்கமான எஸ்கலேட்டரின் சரிவு 30 டிகிரி, வேகம் நொடிக்கு அரை மீட்டர். ஒரு மாடி உயரம் 4.5 மீட்டர் என்று வைத்தால் சரிவின் நீளம் 9 மீட்டர், ஏற 18 நொடி. எஸ்கலேட்டர் படிக்கும் அதன் பக்கவாட்டுத் தகட்டுக்கும் நடுவே ஒரு பக்கத்தில் 4 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பது விதி. அந்த 4 மில்லிமீட்டர் போதும், ரப்பர் ஹவாய் செருப்பின் விளிம்பை உள்ளே இழுக்க. ரப்பர் தகட்டில் உரசினால் வழுக்காது, ஒட்டிக்கொள்ளும். படி நகர நகரச் செருப்பு மடிந்து இடுக்கில் போய்விடும். இன்றைய க்ராக்ஸ் மாதிரி மெத்துச் செருப்புக்கும் இதே கதிதான். பக்கத்தில் பிரஷ் மாதிரி ஒரு வரிசை மயிர் வைத்திருப்பதைப் பார்த்திருப்பாய். அது செருப்பைத் துடைக்க இல்லை, காலைத் தகட்டிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லும் எச்சரிக்கை. ஏதாவது மாட்டினால் மேல்முனையிலும் கீழ்முனையிலும் சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை எங்கே என்று முதலில் காட்டிவிட்டுத்தான் நான் என் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றுவேன்.

நின்றுபோன எஸ்கலேட்டரில் ஏறும்போது ஏன் மூச்சு வாங்குகிறது என்று ஒருமுறை கேட்டிருந்தாய். சாதாரண மாடிப்படி ஒன்று 15 முதல் 17 சென்டிமீட்டர் உயரம். எஸ்கலேட்டர் படி 20-க்கு மேல் போகும். தொடக்கத்திலும் முடிவிலும் படிகள் ஒரே உயரமாகவும் இருக்காது, அதனால் கால் இடறும். நின்ற எஸ்கலேட்டரை மாடிப்படியாக வைத்துக்கொள்ளாதே.

லேண்ட்மார்க் புத்தகக் கடையையும் மியூசிக்வேர்ல்ட் கேசட் கடையையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றில் நின்றபடியே புத்தகம் படிக்கலாம், இன்னொன்றில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுக் கேட்கலாம், வாங்காமல் வெளியே வரலாம். இந்த ஊரில் அதற்கு முன் கடைக்காரர் “என்ன வேணும்?” என்று கேட்காத கடை எத்தனை இருந்தது சொல்?

ஆனால் அங்கே அசல் கேசட் வாங்குவது பிறந்தநாளுக்குத்தான். மற்ற நாளில் ரெக்கார்டிங் சென்டர், அதாவது நாம் எழுதிக் கொடுக்கும் பாட்டுகளை வெற்றுக் கேசட்டில் பதிந்து தரும் கடை. இந்த வித்தையை உன் மகளுக்கு நீ கட்டாயம் விளக்க வேண்டும், ஏனென்றால் இப்போது யாருக்கும் தெரியாது. சி-60 கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும், ஆகவே ஏறக்குறைய 86 மீட்டர் டேப். சினிமாப் பாட்டு நாலரை முதல் ஐந்து நிமிடம். பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. பதிமூன்றாவதை எழுதிக் கொடுத்தவனுக்குக் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்து போகும். விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் நிமிடத்தை எழுதிக் கூட்டிப் பார்த்து, நீளமான பாட்டை முதலில் போட்டு, மூன்று நிமிடப் பாட்டு ஒன்றைக் கடைசிக்கு வைப்பார்கள். மிச்சம் இருந்தால் கடைக்காரரே தனக்குப் பிடித்த ஒரு பின்னணி இசைத் துண்டை நிரப்புவார். அவருடைய ரசனை பல சமயம் நம்முடையதைவிட மேல்.

காசு மிச்சம் பிடிக்க சி-90 வாங்கியவர்கள்தான் அதிகம் அனுபவித்தார்கள். அதே அளவுப் பெட்டிக்குள் ஒன்றரை மடங்கு நீளம் அடங்க வேண்டுமானால் டேப்பை மெல்லிசாக்கித்தான் ஆகவேண்டும். மெல்லிய டேப் சீக்கிரம் இழுபடும், ரோலரில் சுற்றிக்கொள்ளும். மதிய வெயிலில் காரின் டேஷ்போர்டில் விட்டால் கேட்கவே வேண்டாம். சிக்கியதை வெளியே எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் மின்சாரத்தை நிறுத்து. ரோலரிலிருந்து விரலால் சுருள் சுருளாக விடுவி, இழுக்காதே. முறுக்கு விழுந்திருந்தால் பளபளப்பான பக்கமும் மங்கிய பக்கமும் எதிரெதிரே மாறி நிற்கும். அதை நிமிர்த்திவிட்டு அறுகோணப் பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகிச் சுற்று. உருண்டைப் பென்சில் பிடிக்காது, வழுக்கும். கேசட்டின் முதுகுப் பக்கத்துச் சின்னப் பிளாஸ்டிக் தடுப்பு இரண்டையும் உடைத்துவிட்டால் யாரும் மேலே பதிய முடியாது. மனசு மாறினால் அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம்.

இனி என் கட்சி.

ஸ்பென்சரில் கடைகளைத் தனித்தனி ஆட்களுக்கு விற்றார்கள். ஃபிளாட் வாங்குகிற மாதிரிதான் இந்த ஏற்பாடு. கடைக்குக் கிரயப் பத்திரம், நடைபாதைக்கும் ஏ.சி.க்கும் மாதாமாதம் மெயின்டனன்ஸ். நடைபாதை எல்லாருக்கும் பொது, அதனால் யாருக்கும் சொந்தமில்லை. காசில்லாத பையன் அங்கே மூன்று மணி நேரம் சாய்ந்து நின்றால் யாருக்கு நஷ்டம்? கடைக்காரருக்கு நாலு பேர் நின்றால் கடை களைகட்டும். அதனால்தான் விரட்டவில்லை. இப்போது எக்ஸ்பிரஸ் அவென்யூ போன்ற மால்களில் நிலைமை வேறு. ஒரே முதலாளி, கடை எல்லாம் வாடகைக்கு. குறைந்தபட்ச வாடகை, அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம், எது அதிகமோ அது. ஆகவே எந்தக் கடைக்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும், ஜனம் எந்த வழியாக நடக்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து திட்டம் போடுகிறார். தியேட்டரையும் சாப்பாட்டுக் கடைகளையும் மேல்மாடியில் வைப்பதே நடுவில் இருக்கிற மாடிகளை எல்லாரும் கடந்து போக வேண்டும் என்பதற்காக.

தனித்தனியாக விற்ற கட்டடத்தில் இந்தத் திட்டம் போட ஆளில்லை. அவரவர் இஷ்டத்துக்கு மொபைல் கவர் கடை பத்து வரும், அல்லது பூட்டிப் போட்டுவிட்டு விலை ஏறக் காத்திருப்பார்கள். எந்த ஊரிலும் இந்த வகைக் கட்டடம் கெடும் வழி ஒன்றுதான். உதாரணக் கணக்காக மாதப் பராமரிப்பு 10 லட்சம், கடைகள் 500 என்று வைத்துக்கொள். கடைக்கு 2,000. அதில் 200 பேர் கட்டுவதை நிறுத்தினால் மீதி 300 பேருக்குத் தலைக்கு 3,333. பாதிக் கடை மூடியிருந்தாலும் மொத்தக் கட்டடத்தையும் குளிர்விக்கும் சில்லர், பம்ப், கூலிங் டவர் எல்லாம் ஓடித்தான் ஆகவேண்டும், செலவு பாதியாகாது. ஆகவே கடை உரிமையாளர் சங்கம் ஏ.சி. ஓடும் நேரத்தைக் குறைக்கும். புழுக்கம் தாங்காமல் கடைக்காரர் ஒருவர் ஸ்பிளிட் ஏ.சி. போடுவார், வெளி யூனிட்டைப் பின்பக்க நடைபாதையில் வைப்பார். அது நடைபாதையைச் சூடாக்கும். அடுத்தவரும் போடுவார்.

இதைவிடக் கொடுமை எஸ்கலேட்டர். படிச் சங்கிலியோ கைப்பிடி ரப்பரோ மாற்ற வேண்டும் என்றால் பெரிய தொகை. சங்கக் கூட்டத்தில் தரைத்தளக் கடைக்காரர் கேட்பார்: “என் கடைக்கு எஸ்கலேட்டர் எதுக்கு?” அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எஸ்கலேட்டர் ஒரு மாதம் நின்றால் மேல்மாடிக்கு ஜனம் ஏறாது, மேல்மாடி மூடும், மூடியவர் மெயின்டனன்ஸ் கட்டமாட்டார், அந்தச் சுமை கடைசியில் தரைத்தளத்துக்காரர் தலையில்தான் விழும். இதைக் கூட்டத்தில் விளக்கி ஜெயித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இதற்கு மேல் 2006-ல் சிட்டி சென்டர், 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் என்று புது மால்கள் வரிசையாக வந்தன. பிராண்டுக் கடைகள் அங்கே போயின.

வரும்போது மெட்ரோவில் எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கு, அங்கிருந்து நடந்துவிடலாம். 1959-ல் கட்டிய எல்.ஐ.சி. கட்டடத்தையும் போகிற வழியில் காட்டிவிடலாம். கார் வேண்டாம். லேண்ட்மார்க்கைத் தேடாதே, இல்லை. காஷ்மீர்ச் சால்வைக் கடைகளுக்குப் போனால் முதல் விலையைக் கேட்டதும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள். சொன்னதில் பாதிக்கும் கீழே ஆரம்பித்துப் பொறுமையாக ஏறு, அவசரப்பட்டு நீயே இரண்டாவது விலை சொல்லாதே. சால்வையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெசவைப் பார்த்த பிறகு பணம் எடு: கைநெசவு என்றால் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வு தெரியும், எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் அது இயந்திர நெசவாக இருக்கலாம். மகளை ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே வைத்திருக்காதே. அவளுக்கு அது ஒரு பழைய காம்ப்ளெக்ஸ், அவ்வளவுதான், அதில் தப்பும் இல்லை.

உன் பரணில் பழைய கேசட் இருந்தால் எடுத்து வா. என் கேசட் டெக் மறுபடி ஓடுகிறது. ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடந்தது, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதுசு மாட்டியிருக்கிறேன். ஆனால் நீ எதையும் அங்கே போட்டுப் பார்க்காதே. இத்தனை வருடம் சுற்றியே கிடந்த டேப் அடுக்கோடு அடுக்கு ஒட்டியிருக்கும். இங்கே முதலில் ஒருமுறை முன்னே ஓட்டி, திரும்பப் பின்னே ஓட்டித் தளர்த்திவிட்டுத்தான் ப்ளே அழுத்த வேண்டும். உள்ளே வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதைத் தனிப் பையில் போடு, மற்றதோடு சேர்க்காதே. விமான நிலைய எக்ஸ்-ரே டேப்பை ஒன்றும் செய்யாது, தாராளமாகக் கைப்பையில் வை. காந்தம் உள்ள ஸ்பீக்கர் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுது.

அன்புடன்,
பாலு