ஓ.பி. வரிசையில் நிற்பவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். நேற்று மூட்டுவலிக்காக அம்மாவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன், ஏழு மணிக்கே போயும் சீட்டு வாங்க ஒன்றரை மணி நேரம், அப்புறம் டாக்டரைப் பார்க்க மூன்று மணி நேரம், உட்காரக்கூட இடமில்லை. வயதானவர்களை இப்படி நிற்க வைப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் கவுண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஆபா (ABHA) என்ற மத்திய அரசின் சுகாதாரக் கணக்குச் செயலியில் ஸ்கேன் செய்தால் டோக்கன் போனிலேயே வந்துவிடும், சீட்டு வரிசையாவது மிச்சம். சுகர், பிபி மாத்திரைக்காகவே மாதாமாதம் அலைபவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பற்றிக் கேளுங்கள், 2021-லிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். போனில் மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழையுங்கள். கூட்டிப் போக ஆளில்லாத பெரியவர்கள் யாராவது இருந்தால் இங்கே சொல்லுங்கள், நான் வருகிறேன்.