கோ பங்கான் நூடுல்ஸ் கடை அக்காவுக்கு நன்றி

தாய்லாந்தின் கோ பங்கான் தீவில், ஹாட் ரின் கடற்கரையில் நூடுல்ஸ் விற்கும் அக்கா, பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் போகும் யாராவது இதை உங்களுக்குச் சொன்னால் போதும்.

தோழியின் காலில் ஜெல்லிமீன் சுற்றியதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்தார், இன்னொருவர் மணலைப் போட்டுத் தேய்க்கக் குனிந்தார். இரண்டுமே ஆபத்து. தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் எல்லாம் உடனே வெடித்துவிடுவதில்லை. நல்ல தண்ணீர் பட்டாலோ தேய்த்தாலோ மிச்சமும் வெடித்து விஷம் ஏறும்.

யாரும் கூப்பிடாமலே அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தீர்கள். கையில் வினிகர் பாட்டில், மிளகாய் ஊறப்போடாத வெறும் வினிகர். தேய்க்க வந்த கையை விலக்கி, 30 விநாடிக்கும் மேல் நிறுத்தாமல் ஊற்றினீர்கள். அதன் பிறகுதான் கடைச் சாப்ஸ்டிக்கால் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தீர்கள், விரல் படாமல்.

வினிகர் வலியைக் குறைக்காது, மேற்கொண்டு கொட்டாமல் தடுக்கும், அவ்வளவுதான். அது தெரிந்துதானே அவளை நடக்கவிடாமல் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருந்தீர்கள்? பெட்டி ஜெல்லிமீனாக இருந்தால் சில நிமிடங்களில் இதயமே நின்றுபோகலாம். அவசர மருத்துவ உதவி எண்ணான 1669-க்குப் போன் போட்டு, எந்த இடம் என்று தாய்லாந்து மொழியில் சொன்னதும் நீங்கள்தான்.

வினிகருக்குக் காசு கொடுத்தபோதும் வாங்கவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள், அக்கா. ரொம்ப நன்றி.