சர்டிபிகேட்டில் கையெழுத்து போடுவதற்கு முன்னால்

ஆசிரியருக்கு வணக்கம்.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்குக் களப் பயிற்சி சரியாகக் கிடைப்பதில்லை என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லூரிகளைப் பற்றியும் மாணவர்களின் ஆர்வக் குறைவைப் பற்றியும் நிறையவே எழுதியிருந்தீர்கள், ஆனால் அந்த மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிற வக்கீல்கள், சட்ட உதவி மையங்கள், அரசு அலுவலகங்கள் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோளாறு பாதிக்கு மேல் இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் குடியாத்தத்தில் வக்கீல். இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவின் வக்கீல் பட்டியலிலும் இருக்கிறேன். காட்பாடி அரசு சட்டக் கல்லூரியிலிருந்தும், வெளியூரில் படித்துவிட்டு லீவுக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளிலிருந்தும் வருஷம் தவறாமல் யாராவது பயிற்சிக்கு வருவார்கள். மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், ஒரே மூச்சில் நான்கு வாரத்துக்கு மேல் கூடாது என்று பார் கவுன்சிலின் 2008 விதிகள் சொல்கின்றன. வாரக்கணக்கு சரி. அந்த வாரங்களில் என்ன நடக்கிறது? வெள்ளைச் சட்டை கருப்பு பேன்ட்டில் வரும் பையன் சீனியர் பின்னாலேயே கோர்ட்டுக்கு நடப்பான், கேஸ் கட்டு தூக்குவான், ஜெராக்ஸ் எடுத்து வருவான், வாய்தா தேதியைக் குறித்துக்கொள்வான், கடைசி நாள் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போவான். வராதவனுக்கும் அதே சர்டிபிகேட் கிடைக்கிற இடங்கள் உண்டு. இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

இன்னொரு விஷயம், வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மாணவர்களுக்குக் கல்லூரி லீவு மே மாதம். சிவில் கோர்ட்டுகளுக்கும் கோடை விடுமுறை அதே மே மாதம்தான். பூட்டிய கோர்ட்டைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வது? அதே மாதத்தில் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆர்.டி.ஓ. ஆபீஸ் திறந்திருக்கிறது, மாஜிஸ்திரேட் கோர்ட் நடக்கிறது, திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளுக்கு ஜனங்கள் மனுவோடு வரிசையில் நிற்கிறார்கள். மாணவனை அனுப்ப வேண்டிய இடம் அதுதானே? ஆனால் அங்கே போனால் அவனைப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் என் குறை.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். பீடி சுற்றிப் பிழைத்த ஒரு வயதான அம்மா எங்கள் சட்ட உதவி மையத்துக்கு வந்தார். வீட்டை மகன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார், இப்போது சோறு போட ஆளில்லை. பயிற்சிக்கு வந்திருந்த மாணவியை அவரிடம் பேசச் சொல்லிவிட்டு நான் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் உட்கார்ந்ததும் பேனாவை எடுத்துவிட்டாள். பேனாவை வை, முதலில் முழுசாகக் கேள் என்று சைகை காட்டினேன். "ஆயா, எழுதிக் குடுத்தப்போ உங்க பையன் உங்களப் பாத்துக்கணும்னு பத்திரத்துல போட்டாங்களா?" என்று அவளே கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கேள்வியின் உயிர்நாடி அதுதான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, 23-வது பிரிவில் செட்டில்மெண்ட்டை ரத்து செய்ய வழி இருக்கிறது, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிறகு பார்த்துக்கொள்ளாமல் விட்டிருந்தால். முந்தின நாள் அதை வாசித்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன், வாசித்துவிட்டு வந்திருக்கிறாள். பத்திரத்தை எடுத்து வரச் சொல்லி, வரிவரியாகப் படித்து அந்த நிபந்தனை இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தாள்.

அப்புறம் மனு எழுதினாள். ஆர்.டி.ஓ.விடம் கொடுக்கிற மனு, வக்கீல் இல்லாமலே பெரியவர்கள் தாங்களே கொடுக்கக்கூடியது. முதல் தடவை அவள் எழுதியதில் அந்த அம்மாவின் கஷ்டம் எல்லாம் இருந்தது, தேதி இல்லை, பத்திர எண் இல்லை, கடைசியில் என்ன கேட்கிறோம் என்பதும் இல்லை. பராமரிப்புத் தொகை வேண்டுமா, பத்திரத்தை ரத்து செய்ய வேண்டுமா, இரண்டுமா? கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி எழுதினாள், மறுபடியும் திருத்தினேன். பிறகு அதை அந்த அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொன்னேன். தன் மனுவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைக்கிற நிலைமை எங்கள் மையத்தில் இருக்கக் கூடாது. இத்தனைக்கும் ஆன நேரம் ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும்தான். ஒரு சீனியரால் அது முடியாதா?

மாணவர்களிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. "ஜெயிச்சிடலாம்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கேட்ட கதையை ஹாஸ்டலில் பேசக் கூடாது, மனுதாரரோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது. அவர்கள் இன்னும் வக்கீல் இல்லை, அதனால் யோசனை சொல்கிற பொறுப்பு எனக்கு, கேட்டு எழுதுகிற பொறுப்பு அவர்களுக்கு. ஆனால் வருகிற பெண்களிடம், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண் என்பதாலேயே இலவச வக்கீல் வைத்துக்கொள்ள 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் உரிமை உண்டு என்று தாராளமாகச் சொல்லலாம். இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற போன் எண்ணையும் எழுதிக் கொடுக்கலாம். நிறையப் பேருக்கு இதுகூடத் தெரியாது.

நம் ஜில்லாவில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் நடத்துகிறார்கள், மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. அந்த வழக்கைப் போட்டது வேலூர்க்காரர்கள். அதை நோட்ஸில் மனப்பாடம் செய்த மாணவன் ஆம்பூர்ப் பக்கமோ வாணியம்பாடிப் பக்கமோ போய் ஒரு விவசாயியின் கிணற்றைப் பார்த்ததில்லை என்றால் எப்படி? அதே மாதிரி வேலூர் தொரப்பாடி மத்திய சிறை. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, உச்சபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால், ஆயுள், மரண தண்டனைக் குற்றம் தவிர மற்றவற்றில், வெளியே வர புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 479-வது பிரிவில் வழி இருக்கிறது. யார் யார் அந்தக் கணக்கில் வருகிறார்கள் என்று ஒரு வக்கீலின் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியல் போட மாணவர்கள் எவ்வளவோ உதவலாம்.

பஸ் செலவும் மத்தியானச் சாப்பாடும் இல்லாமல் எத்தனையோ பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். சேர்த்துக்கொள்கிற சீனியர்கள் அதையாவது கொடுக்கலாம். நான்கு வாரத்தில் எந்த மனுவும் முடிவுக்கு வராது, அதனால் அதே மாணவரை அடுத்த வருஷமும் அதே இடத்துக்குக் கல்லூரி அனுப்பினால் தான் எழுதிய மனு என்ன ஆனது என்று அவரே பார்ப்பார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, ஒவ்வொரு வட்டத்திலும் மாணவர்களை உட்காரவைத்துத் திருத்திக் கொடுக்க சம்மதிக்கிற வக்கீல்களின் பெயரை ஏப்ரலுக்கு முன்பே வாங்கிக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று உங்கள் இதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன். குடியாத்தத்துக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.