பழைய தரையைக் கிளப்பாதே, மகள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹமில்ரன் வீடு 1962இல் கட்டியது என்றாய். பேஸ்மென்ட் தரை ரைல்ஸ் ஒவ்வொன்றும் 9 அங்குலச் சதுரம். அதைக் கண்டபிறகு போனில் சொன்னது போதாது என்று பட்டது. மருமகனிடமும் இதை வாசிக்கக் கொடு.

சனிக்கிழமை அவர் அதையெல்லாம் சுரண்டி எடுக்கப்போகிறார் என்கிறாய். வேண்டாம், பிள்ளை. அந்தக் காலத்து 9 அங்குல ரைல்ஸில் அஸ்பெஸ்ரஸ், அதாவது கல்நார், கலந்திருப்பது சாதாரணம். ஒட்டிய கறுப்புப் பசையிலும் இருக்கலாம். ஊரில் நாங்கள் கூரைக்குப் போட்ட ஷீற்றிலும் இருந்தது இதே சாமான்தான். உடையாமல் கிடக்கும்வரை நார் உள்ளே கட்டுண்டு இருக்கும். உடைத்தால், சுரண்டினால், மெஷினால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூசாகி நுரையீரலுக்குள் போகும். நோய் வர இருபது, முப்பது வருடம்கூட எடுக்கும். சின்னவன் தவழப்போகிற வீடு அது. பார்த்துச் சொல்லேலாது, லாப்பில் சோதித்தால்தான் தெரியும். சோதிக்கும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்.

பழைய தரை பெரும்பாலும் உறுதியாக ஒட்டியிருப்பதாகப் படத்தில் தெரிகிறது. அப்படியென்றால் அதை மூடிவிடுவதே நல்லது. ஒன்றோடொன்று கிளிக் பண்ணிப் பூட்டுகிற வினைல் (பிளாஸ்ரிக்) பலகைக்குப் பசையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். ரைல்ஸ் நிறையக் கழன்றோ நொறுங்கியோ இருந்தால் மட்டும் தொடாமல் விட்டு, அஸ்பெஸ்ரஸ் அகற்றுகிற ஆட்களைக் கூப்பிடுங்கள்.

எனக்கு இன்னும் கூடுதலான கவலை ஈரம்தான். ரைல்ஸ் இடுக்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பார். இரண்டு, மூன்று இடத்தில் பிளாஸ்ரிக் துண்டை விரித்து, நாலு பக்கமும் ரேப் ஒட்டி, மூன்று நாள் விடு. அடியில் நீர் துளிர்த்தால் கொங்கிரீட்டுக்குள்ளிருந்து ஈரம் ஏறுகிறது. வினைல் தண்ணீருக்குப் பழுதாகாது என்று கடைக்காரர் சொல்வது மேலிருந்து சிந்துகிற தண்ணீருக்கு. கீழிருந்து வருகிற ஈரத்தை மூடினால் பூஞ்சணம் பிடித்து வீடே மணக்கும். பனி உருகுகிற இந்த நாட்களில் சோதிப்பது நல்லது. கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரோரம் கொட்டுகிறதா என்றும் வெளியே போய்ப் பார்.

தரை மட்டமாக இருக்கிறதா என்று நீளப் பலகை ஒன்றை வைத்துப் பாருங்கள். பள்ளத்தை நிரப்பலாம், மேட்டைத் தேய்க்கக் கூடாது. பலகைப் பெட்டிகள் இரண்டு நாள் அந்த அறையிலேயே கிடக்கட்டும். சுவரோரம் கால் அங்குலம் இடைவெளி விடவேண்டும், சூட்டுக்குப் பலகை விரியும். அதை மறைக்கிற சட்டத்தைச் சுவர்ப் பலகையில் அடியுங்கள், தரையில் அடித்தால் விரிய இடமிராது. பலகையின் அடியில் மெத்தை ஒட்டியிருந்தால் இன்னொரு மெத்தை போடவேண்டாம், பலகைகள் பூட்டுகிற விளிம்பு உடையும். பொருத்தி வைக்கிற கபினட் எதையும் இதன்மேல் ஏற்றாதீர்கள்.

கதவுகளின் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, அறையின் நீள அகலம் என்ன என்று அளந்து அனுப்பு. வெட்டுக்கழிவுக்குப் பத்து வீதம் கூட்டி எத்தனை பெட்டி வேண்டும் என்று சொல்கிறேன். ஈரச் சோதனை முடிந்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்காபரோவிலிருந்து வாறன், வாளும் ரப்பர் சுத்தியலும் என்னிடம் இருக்கு.

அன்புடன்,
அப்பா